தலைமுழுகப்பட்டவளின் ஜெபம்

எனக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மானகிரியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் பரம்பரைக் கிறிஸ்தவர், பள்ளிக்கூட வாத்தியார். நான் கண்டரமாணிக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். தைப்பூசத்துக்குக் குன்றக்குடிக்கு நடந்தே போய் வளர்ந்தவள். அப்பாவை மீறி ஞானஸ்நானம் எடுத்து, சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டேன். அன்றே அப்பா கண்மாயில் இறங்கி, மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகிவிட்டாராம்.

எழுதிவைத்த ஜெபங்களை ஒப்பித்துவிடுவேன். சொந்தமாக ஒரு வார்த்தை வராது.

"மனப்பாடமெல்லாம் வேணாம். ஒங்கப்பாகிட்டப் பேசுற மாதிரி பேசு, போதும்" என்றார் கணவர். கள்ளமில்லாமல்தான் சொன்னார்.

முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன். ஈரத் தலையோடு அப்பா கண்மாய்க் கரையேறி வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பேசவில்லை. நான் நேரில் பார்க்காத காட்சி அது. ஆனாலும் கண்ணை மூடும்போதெல்லாம் வந்தது. சர்ச்சில் எல்லோரும் தலைகுனிந்திருக்க, நான் மட்டும் முன் பெஞ்சைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பேன்.

நாலு வருஷம் கழித்துக் காரைக்குடிச் சந்தையில் அப்பாவைப் பார்த்தேன். மாட்டுக்குக் கயிறு பார்த்துக்கொண்டிருந்தார். என் இடுப்பில் மகள்.

"அப்பா, நல்லாருக்கீகளா?"

கயிற்றை இழுத்துப் பார்த்தபடி, "இது தாங்குமா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"அந்தப் புள்ள ஒங்களத்தான் கூப்புடுது" என்றார் கடைக்காரர்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். "எந்தப் புள்ள?"

என்மேல் பட்ட பார்வை நிற்காமல் பின்னாலிருந்த சுவருக்குப் போனது. நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி முன் நின்றேன். "அம்மா தெரியிறேனா?" என்று மகளைக் கேட்டேன்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அப்பா இறந்தார். எனக்குத் தகவல் மூன்றாம் நாள்தான் வந்தது. ஓடினேன். அண்ணன் மனைவி தெருவுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வராத தாயி. ஒங்கண்ணன் சத்தம் போடுவாக" என்றவள், குரலைத் தணித்தாள். "வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு மாமா ஒனக்கு இலை போடுவாக. ஒன் பேரச் சொல்லித்தான் காக்காயக் கூப்புடுவாக."

"வந்துச்சா?"

"ஒரு வருசமும் வரல. பொழுது சாயிற வரைக்கும் அங்குட்டே நிப்பாக."

அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். தலையைக்கூடத் துவட்டாமல் முழங்கால் போட்டேன். வாய்விட்டே வந்தது: "ஆண்டவரே, எங்கப்பா கால் கடுக்க நின்னுட்டாக. அவுகள ஒக்கார வையும்."

கணவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "செத்தவுகளுக்காக நம்ம சபையில ஜெபம் பண்றதில்லையே" என்றார் மெதுவாக.

"தெரியும். உசுரோட இருந்தவளுக்கு அவுக பண்ணாகளே."

அவர் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஒரு ஜெபத்தை இன்றுவரை தினமும் சொல்கிறேன். கேட்கப்பட்டதா என்று தெரியவில்லை.