அப்புக்காத்தர் எழுதிய சிவந்த வானம்

நேற்று மகனின் குளிர்கோட்டைச் சூட்கேசிலிருந்து எடுத்தேன். குப்பென்று பூச்சி உருண்டை வாசனை. "அம்மா, இட் ஸ்மெல்ஸ்!" என்று அவன் மூக்கைப் பொத்தினான். நெஞ்சுக்குக் கூடாதோ என்று யன்னலைத் திறந்தேன். குளிர் பிடிக்குமோ என்று உடனே சாத்தினேன். இப்படித்தான் நான்.

எனக்கு அந்த வாசனை அப்புக்காத்தருடையது. யாழ்ப்பாணத்தில் பேர்போன வழக்கறிஞர். எங்கள் பகுதிக்கு இரண்டு தவணை எம்.பி.யாகவும் இருந்தவர். எங்கள் ஊர் வீதிக்காக அவர் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சில் மந்திரி நித்திரையாகிவிட்டார் என்பார்கள். வீதி வரவில்லை. ஆனால் பேச்சு பேப்பரில் வந்தது, அப்பா அதை வெட்டி வைத்திருந்தார்.

பிறகு அவரும் எங்களைப்போல லண்டனுக்கு வந்தார். அங்கே அவருடைய சட்டப் படிப்பு செல்லுபடியாகவில்லை. எண்பதுகளின் கடைசியில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். "அங்கயும் இவர் 'கௌரவ சபாநாயகர் அவர்களே' எண்டுதான் தொடங்கிறவர், பின்னால கார்க்காரன் ஹோர்ன் அடிப்பான்" என்று அவருடைய மனைவி எங்களுக்குத் தேநீர் தரும்போது சொல்லுவார். நாங்கள் ஐயா என்று அழைத்த அவர் கேளாததுபோல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோர்ண்டன் ஹீத் வீட்டு முன்னறையில், இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே, பூச்சி உருண்டை மணக்கும் தன் பழைய வழக்கறிஞர் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அகதி அந்தஸ்து கேட்பவர்கள் தங்கள் வாக்குமூலத்தை அவரிடம்தான் எழுதுவித்தார்கள். எம்.பி. கையால் எழுதினால் வெள்ளைக்காரன் மதிப்பான் என்று எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

என் தம்பியின் வழக்கு அப்போது மேன்முறையீட்டில் இருந்தது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆமி வந்த நாளைப் பற்றி அவன் தொடங்கியதும் ஐயா கையைக் காட்டினார்.

"தம்பி, நீர் சொல்லுறது உண்மை. ஆனா கோர்ட்டில உண்மை கூனிக்கொண்டு நிக்கக் கூடாது. நான் நிமிர்த்தித் தாறன்."

நிமிர்த்தினார். 'என் தாய்மண்ணின் வானம் இரத்தச் சிவப்பாய் விடிந்த அந்தக் காலையில்' என்று பொருள்படும் ஆங்கிலம். வாசிக்க வாசிக்க எனக்குக் கண் கலங்கியது. பஸ்ஸில் வரும்போது தம்பி சொன்னான்: "அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆருடைய கதை எண்டுதான் விளங்கேல்லை." நான் சிரித்தேன். ஐயாவைவிட எங்களுக்குத் தெரியுமா என்றும் சொன்னேன்.

விசாரணை அன்று ஐயா கோட்டும் டையுமாகப் பின்வரிசையில் இருந்தார். நீதிபதி வயதானவர், குரல் உயர்த்தாதவர். இதே விடியலை வேறு பல வாக்குமூலங்களிலும் படித்திருப்பதாகச் சொன்னார். பிறகு தம்பியிடம், அன்று வானம் சிவப்பாக இருந்ததா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லை ஐயா. அண்டைக்கு மழை" என்றான்.

நீதிபதி பேனாவை மூடினார். பின்னால் கதிரை கிரீச்சிட்டது. ஐயா எழுந்து, இடக்கையால் கோட்டின் விளிம்பைப் பிடித்தபடி வாயைத் திறந்தார். நீதிமன்றத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து மெதுவாக, "சிட் டவுன் ப்ளீஸ், சேர்" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவ்வளவு கீழ்ப்படிவாக அவர் உட்கார்ந்ததைப் பார்த்தபோதே வழக்குத் தோற்றுவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

தம்பியைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். அங்கிருந்து ஒரே ஒரு தடவை போன் எடுத்தான். ஊருக்கு வெளிக்கிடுகிறேன் என்றான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஐயா அதோடு எழுதுவதை நிறுத்தினார். எவராவது வந்தால், "நீங்கள் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ, என்னட்டை வராதேங்கோ" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவாராம். இரண்டு குளிர்காலம் கழித்து இறந்துபோனார். மனைவி கனடாவுக்கு மகளிடம் போய்விட்டார். அந்த முன்னறையில் இப்போது யாரோ இருக்கிறார்கள். தடித்த திரைச்சீலை, எப்போதும் மூடியபடி.

சுவரில் இருக்கும் தம்பியின் படத்தைக் காட்டி, மாமாவுக்கு என்ன நடந்தது என்று மகன் கேட்கிறான். சொல்லத் தொடங்கினால் ஐயாவின் ஆங்கிலம்தான் வரிசையாக வருகிறது, ஒரு சொல்லும் பிசகாமல். அவருடைய வீட்டுக்குப் போவதற்கு முன்பு, எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தம்பி, ஆமி வந்த அதே நாளை எனக்குச் சொல்லியிருக்கிறான். எங்கே நிறுத்தினான், எதற்குச் சிரித்தான், மழை எந்த இடத்தில் வந்தது, ஒன்றும் என்னிடம் இல்லை.