மூடிய துளைகள்

என் மனைவி ஜெனீற்றா மின்சாரத்துக்குப் பாதை போடுகிறவள். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு, கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு மின்சுற்றுப்பலகை வரைகிறாள். அப்போது மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை. தனியாக வரையும் முதல் பலகை சரிவந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். பிழையாகிப்போனால் கொழும்புக்குப் போய் அலுவலகத்தில் இருந்து பழக வேண்டும். நான் கடற்தொழில் செய்கிறவன். கொழும்பில் நான் பஸ் ஓடும் காலி வீதியிலா வலை விரிப்பது?

பலகைக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு. திரையில் மேலே ஓடும் கோடு சிவப்பு, கீழே ஓடுவது நீலம். ஒரே பக்கத்தில் இரண்டு கோடு குறுக்கிட்டால் எல்லாம் புகைதான். ஆகவே சிவப்புக் கோட்டை இழுத்துவந்து, வழி மறித்த இடத்தில் ஒரு சிறு துளை போடுவாள். துளையின் உட்சுவரில் செம்பு இருக்கும். அதற்குள்ளால் இறங்கி, கோடு நீலமாகி மறுபக்கத்தில் ஓடும். அந்தத் துளைக்கு அவர்கள் வைத்த பெயர் வயா. துளை போடும்போது ஜெனீற்றா நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்க்கவே கிழிந்த வலை பொத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நிற்பேன்.

அன்றைக்கு நின்றதுதான் வினையாயிற்று.

"உந்த ஓட்டையளுக்கை உப்புக்காத்துப் போகாதே?" என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் படலைக் கொண்டி முதல் ரேடியோ வரை உப்பு தின்னாத சாமான் இல்லை. அவளும் கடற்காரர் சில்வெஸ்ரரின் மகள். "ஓம், அதுவும் சரிதான்" என்று நூற்றுப் பதினெட்டுத் துளைகளையும் பச்சைப் பூச்சால் மூடும்படி குறித்து அனுப்பிவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து மேலாளர் சஞ்சீவன் கணினியில் அழைத்தார்.

"ஜெனீற்றா, பலகையைச் சோதிக்க ஊசி வைக்க வேணும். அதுக்கெண்டு இருந்த அஞ்சு வயாவையும் மூடிப்போட்டீர். நான் ஊசியை எங்க வைக்கிறது?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "என்ர பிழைதான் சேர்" என்றாள். என் பெயரை எடுக்கவேயில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பி, உப்புக்காத்து எண்டு நான்தான் சொன்னனான். அவவை ஏசாதேங்கோ" என்று குறுக்கே விழுந்தேன்.

அந்தப் பக்கத்தில் சஞ்சீவன் சிரித்தார். "இது இறால் பண்ணைக்குப் போற பலகை அண்ணை. முந்தி மூடாமல் விட்டதெல்லாம் களிம்பு பிடிச்சுப் போச்சு. பொறுங்கோ, அந்த அஞ்சையும் பிளேட்டால சுரண்டிப் பாக்கிறன்."

பின்னேரம் செய்தி வந்தது. பலகை வேலை செய்கிறது, அந்த ஐந்தை மட்டும் திறந்து, திருத்தி அனுப்பவும், வீட்டிலிருந்தே தொடரலாம். ஜெனீற்றா துள்ளியெழுந்ததில் கதிரை விழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா மெலிஞ்சிமுனைப் பிலிப்பு அண்ணை வாசலில் வந்து நிற்க வேண்டும்!

"படகு விக்கப்போறன் எண்டு சொன்னனீர். பாக்க வந்தனான்."

ஜெனீற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படகை விக்கப் பாத்தனீங்களே?"

"உம்மைக் கொழும்பில விட்டுட்டு இஞ்ச தனிய இருக்க எனக்கு ஏலாது" என்றேன்.

அவள் விழுந்த கதிரையை நிமிர்த்திப் பிலிப்பு அண்ணை பக்கம் தள்ளினாள்.

"படகு விக்கிறேல்லை அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."