சுவர்க் கடிகாரத்தைக் காட்டி நான் கேட்ட கேள்வி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் கோர்ட்டில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று ஒரு மாதம் முழுக்க நம்பியவன் நான். எழுபதுகளின் கடைசி. வக்கீலாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமனார் எடுத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டுக்குள் இன்னொரு ஆளும் நுழையலாம். உள்ளே இருந்தவனுக்குத் தலை மட்டும்தான் பெருத்திருந்தது.

சீனியருக்குக் காய்ச்சல் கண்ட அன்று ஒரு கேஸ் என் கைக்கு வந்தது. பனவடலிசத்திரம் பக்கம் தனியாக இருந்த, எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருத்தி. அவள் காதோடு பாம்படத்தை அறுத்துக்கொண்டு ஓடியதாக அடுத்த வீட்டுக்காரன் மேல் வழக்கு. நான் அவனுடைய வக்கீல். பாம்படம் அகப்படவில்லை. பார்த்தவர் வேறு யாருமில்லை. ஆச்சியின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி.

"இந்தா நிக்கானே, இவந்தான்யா. பட்டப்பகல்ல வந்தான்" என்று கூண்டில் நின்று கையை நீட்டினாள். அறுந்த காது இரண்டு கீற்றாகத் தொங்கியது.

நான் எழுந்தேன். "ஆச்சி, பார்வையெல்லாம் நல்லா இருக்கா?"

"ஒரு கொறையும் இல்லய்யா."

"அப்பம் அந்தச் சுவத்துக் கடிகாரத்துல மணி என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அண்ணாந்து பார்த்தாள். முந்தானையை முறுக்கினாள். கோர்ட்டே சிரித்தது. டவாலிகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

என் அம்மாவுக்கும் மணி பார்க்க வராது. முற்றத்து வெயிலைப் பார்த்துத்தான் உலை வைப்பாள். அதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கம். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். அரசு வக்கீல் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் சாமர்த்தியம் அங்கேயே கிழிந்திருக்கும். அவர் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வக்கீலய்யா, கடிகாரத்த வச்சே கெழவிய அடிச்சிட்டியளே!" என்று என் கட்சிக்காரன் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் இளித்துக்கொண்டே குடித்தேன்.

அடுத்த மாதம் தீர்ப்பு. சாட்சியின் பார்வை நம்பத்தக்கதாக இல்லை, எதிரி, அதாவது என் கட்சிக்காரன், விடுதலை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஆச்சி தனியாக நின்றாள். ஒளிந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் அவளுடைய ஊர் பஸ் கிளம்பப் போகிறது, கண்டக்டர் விசில் அடிக்கிறார், அவள் அசையவே இல்லை. ஏற்றியாவது விடுவோம் என்று பக்கத்தில் போனேன்.

"ஆச்சி, ஒங்க ஊரு பஸ்தான். ஏறுங்க, இத விட்டா இருட்டிரும்."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுல அவன் இருக்கான்."