காலி அறைகளுக்குக் காற்றோட்டம்

எங்கள் பனியன் கம்பெனியில் நான் கணக்குப் பார்க்கிறேன். பிரின்டரில் சிக்கிய பேப்பரை ஒருமுறை கிழியாமல் எடுத்துவிட்டேன் என்பதற்காக, அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் என் தலையில்தான் விழும். பில் போட, கணக்கு வைக்க என்று புதிதாக வாங்கிய பெரிய சர்வர் பெட்டியும் அப்படித்தான் விழுந்தது.

கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் அதை மாட்டினார். என்குளோஷர், பே, பிளேடு, மிட்பிளேன் என்று வேகமாகச் சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். எங்கள் முதலாளி நிட்டிங் மெஷின் ஓட்டி மேலே வந்தவர். ஒரு மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏனுங்க அம்மிணி, அவரு சொன்னது ஏதாச்சும் புரிஞ்சுதுங்களா?"

கையேட்டைப் படித்துப் பார்த்து, மறுநாள் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன். "லைன் வீடு மாதிரிங்கண்ணா. என்குளோஷர்ங்கறது காம்பவுண்டு. பேங்கறது ஒவ்வொரு ரூமு. பிளேடுங்கறது அதுல குடியிருக்கற ஒல்லி சர்வருங்க. கரண்டு, காத்தாடி எல்லாம் பொது."

"மிட்பிளேனு?"

"எல்லா ரூமுக்கும் கரண்டும் கனெக்சனும் போற நடுச்சுவருங்க."

சாமளாபுரத்தில், வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடு ஒன்று அவருக்கே உண்டு. முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். சேவூரில் ஒரு கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது சர்வர் அறைக்குள் தறி ஓடுவதுபோல் சத்தம். பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பில் போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நகர மறுத்தன. இன்ஜினியருக்கு போன் போட்டேன்.

"காலி பேயில டம்மி எல்லாம் இருக்குதுங்களா?" என்றார். சர்வர் இல்லாத இடத்தை அடைக்கும் வெற்று டப்பாக்களைத்தான் டம்மி என்கிறார்கள். பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

பின்னால் நின்ற முதலாளி சொன்னார். "நாந்தானுங்க கழட்டுனேன். காலி ரூமைப் பூட்டி வெச்சா பூஞ்சை புடிச்சுக்குமுங்களே. காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இன்ஜினியர் விளக்கினார். "சார், பின்னால இருக்கற காத்தாடி காத்தை இழுக்குது. ஓட்டை இருந்தா காத்து அது வழியாவே போயிரும். ஓடற சர்வருக்குப் பத்தாது. அது சூடாகும். காத்தாடி கத்தும்."

முதலாளி யோசித்தார். "அப்ப காலி ஊட்டுக்குக் காத்து, குடியிருக்கற ஊட்டுக்கு வெக்கையா? இது எந்த ஊரு நாயமுங்க?"

டம்மிகள் பேக்கிங் பகுதியில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ளும் திருநெல்வேலி அக்கா, அவற்றில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று லேபிள்களைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"தர முடியாது மொதலாளி. லேபிள் கலந்துட்டுன்னா சரக்கு வாங்குற பையர்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

முதலாளி தானே கடைவீதிக்குப் போய் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்தார். அக்கா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்த பிறகே டம்மிகளைக் கொடுத்தார். அவற்றை மாட்டியதும் சத்தம் மெல்ல இறங்கியது. பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டி, வெளியேறும் சூட்டைத் தொட்டுப் பார்த்தபடி முதலாளி வெகுநேரம் நின்றிருந்தார்.

பிளாஸ்டிக் டப்பா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை இன்ஜினியர் வந்தபோது, இன்னும் ரெண்டு டம்மி கிடைக்குமா என்று அவரிடம் கேட்டார். புது சர்வர் ஒன்று வாங்கி மாட்டினால் அந்த இடத்து டம்மி மிச்சமாகும் என்று அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதலாளி பேக்கிங் பக்கம் வரும்போதெல்லாம் அக்கா விடுவதில்லை.

"புது சர்வரு எப்ப மொதலாளி வாங்குறீய?"