சொல்லாமல் வீசிய தூண்டில்

போன வாரம் என் மகன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். எந்த நாடோ தெரியவில்லை, ஏரி முழுக்க வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. ஒரு ஆள் அதன் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பனிக்கட்டியில் ஓட்டை செய்து, உள்ளே தூண்டில் விட்டிருக்கிறார். உடம்பு முழுக்கக் கம்பளி. கையுறையைக் கழற்றிவிட்டுத் தூண்டில் நரம்பில் ஒரு முடிச்சுப் போடப் பார்க்கிறார், விரல் மடங்க மாட்டேன் என்கிறது. வாயருகே கொண்டுபோய் ஊதுகிறார், மறுபடி முயல்கிறார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். விறைத்துப்போன விரலை என்னால் இன்னமும் பார்க்க முடியாது.

நானும் ஒரு காலத்தில் குளிரில் மீன் பிடித்தவள்தான், நம்புங்கள். வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வேலூர் என்றாலே வெயில் என்று சொல்கிறவர்களை மார்கழி மாதம் விடியற்காலையில் எங்கள் ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். மலைப்பக்கமிருந்து இறங்குகிற பனியில் பத்தடி தள்ளி நிற்கிற பனைமரம் தெரியாது. பேச வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் தண்ணீரில் காலை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே இருக்கிற நமக்குத்தான் குளிர், ஏரிக்கு இல்லை என்று ஸ்டெல்லா சொல்வாள்.

ஸ்டெல்லா யார் என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சர்ச் தெருவில் இருந்தவள், என் வயது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தோம். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட், உள்ளே போனால் ஒரே டேபிள். பேஸ்டிங் டேபிள் என்று பெயர். வெட்டி வருகிற தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டி, தையல் மெஷின்காரர்களுக்கு அனுப்பவேண்டும். அந்தச் சொல்யூஷன் வாசனை இருக்கிறதே, சோப்பு போட்டாலும் போகாது, புளி போட்டாலும் போகாது. சாப்பாட்டில் கை வைத்தால் சோறே ரப்பர் வாசனை அடிக்கும். எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஸ்டெல்லாவுக்குப் பழகவே இல்லை. சாயங்காலம் பஸ் ஏறும்போது தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். இரண்டு முறை பஸ்ஸிலேயே வாந்தி எடுத்திருக்கிறாள்.

அந்தக் கை வாசனைக்கு மீன் வராது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனதும் முதல் வேலை, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கை முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொள்வது. பிறகுதான் மாவு உருட்டுவது, புழு கோப்பது எல்லாம். தூண்டிலுக்குத் தக்கையாக நாங்கள் வைத்திருந்தது ஷூ அடிப்பாகம் வெட்டியதில் மிஞ்சின துண்டு. அது நன்றாக மிதக்கும். மீன் சங்கத்துக்குக் கம்பெனி செய்த ஒரே உதவி அதுதான். மீன் சங்கம் என்றால் நாங்கள் இரண்டு பேர்.

மழைக்காலத்தில் ஏரி கலங்கலாக இருக்கும், பொங்கல் முடிந்தால் குத்தகைக்காரர் வலை போட்டுவிடுவார். நடுவில் கிடைக்கிற மார்கழிதான் எங்களுக்கு. காவல்காரரும் அந்தக் குளிரில் வெயில் ஏறுகிறவரை வீட்டைவிட்டு வரமாட்டார். குளிர்காலத்து மீனைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். மற்ற நாட்களில் ஜிலேபி மீன் தூண்டிலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடும். குளிரில் அது ஆழத்தில் சோம்பிக் கிடக்கும், இரையை வாயால் தொட்டுப் பார்த்துவிட்டு யோசிக்கும். தக்கை முழுகாது, லேசாகச் சாயும். அந்தச் சாய்வில் இழுத்தால் உண்டு, இல்லாவிட்டால் மாவும் போய்விடும். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

எங்கள் இடம் மதகுப் படிக்கட்டு. குறுகலான படி, இரண்டு பக்கமும் முள்மரம் அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது. ஒருத்தி கீழ்ப்படியில் நின்று தூண்டில் போடுவாள், இன்னொருத்தி மேல்படியில் உட்கார்ந்து மாவு உருட்டுவாள். தூண்டிலைப் பக்கவாட்டில் வீசினால் முள்மரத்தில் மாட்டும். தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய்த்தான் முன்னால் வீசவேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். வீசுவதற்கு முன்னால் கீழே இருப்பவள் "போட்றேன்" என்று சொல்லவேண்டும். சொன்னதும் மேலே இருப்பவள் தலையையும் கையையும் மடக்கிக்கொள்வாள். இரண்டு மார்கழி இந்தச் சட்டம் ஒழுங்காக நடந்தது.

மூன்றாவது மார்கழியில் தையல் லைனில் ஒரே ஒரு மெஷின் காலியானது. பேஸ்டிங்கில் இருக்கிறவர்களில் எங்கள் இரண்டு பேரைத்தான் சாயங்கால நேரங்களில் மெஷினில் உட்கார வைத்துப் பழக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை டெஸ்ட், யார் நன்றாகத் தைக்கிறாளோ அவளுக்கு மெஷின் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவரை எல்லாரும் பாய் என்றுதான் சொல்வோம், நேரில் மட்டும் சார். மெஷின் கிடைத்தால் ஸ்டெல்லாவுக்கு அந்தச் சொல்யூஷன் டப்பாவிடமிருந்து விடுதலை. எனக்கோ வேறு கணக்கு. தை பிறப்பதற்குள் பெர்மனென்ட் ஆகாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதாக என் அப்பா சொல்லிவிட்டிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர். மெஷின்காரர்கள்தான் பெர்மனென்ட் ஆவார்கள்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஞாயிறு. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாமல் இருந்தால், போட்டி என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் ஒரு கூச்சம். போனோம். அன்றைக்கு இருந்த பனி மாதிரி நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மப்ளரைத் தலையோடு சுற்றி வாயையும் மூடியிருந்தேன். கை மரத்துப்போய், மூங்கில் கழியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா மேல்படியில் மாவு உருட்டிக்கொண்டே சொன்னாள், "நேத்து பாய் என் தையல பாத்து தலையாட்னாருடி. எனக்கே வந்துடும்னு நெனைக்கிறேன்." அவளுக்குக் கள்ளம் கபடம் கிடையாது. சந்தோஷத்தை என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்? நல்லதாப் போச்சு என்று நானும் சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சுக்குள் எரிந்தது. அவள் மீது கோபமா, அப்பா மீதா, எனக்குத் தெரியாது. தக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாய்ந்தது, இழுத்தேன், வெறும் தூண்டில் முள்தான் வந்தது. மாவு வைத்துக்கொண்டேன். கழியைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய் வீசினேன்.

வீச்சு பாதியில் நின்றது. முள்மரத்தில்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்தேன். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஸ்டெல்லா வலது கையை முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆள்காட்டி விரலின் சதைக்குள் தூண்டில் முள் வளைவு வரைக்கும் இறங்கியிருக்கிறது. தையலில் தோலை ஊசிக்குப் பக்கத்தில் அழுத்தி நடத்துகிற விரல் அதுதான்.

"வலிக்கலடி. மரத்துப் போயிருக்கு," என்றாள்.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே ஒரு சின்ன எதிர்முள் இருக்கும். மீன் கழன்று போகாமல் இருக்க அது. வந்த வழியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டால்தான் கழற்ற முடியும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, கரைக்கு அந்தப்பக்கம் மோட்டார் கொட்டகையில் இருந்த ஊர்க்கார அண்ணன் ஒருவரிடம் ஓடினோம். கட்டிங் பிளேயர் அவரிடம் இருந்தது. ஆனால் விரலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கம்மா என்றார். அணைக்கட்டுக்கு முதல் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஸ்டெல்லா கிழக்கே பார்த்தாள். பனிக்குப் பின்னால் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. "நீயே எடுத்துடு. வெயில் வந்து மரப்பு போய்ட்டா என்னால தாங்க முடியாது," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையை என் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ ஜெபம் முணுமுணுத்தாள்.

தோலில் ஊசி இறங்குவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். ஆனால் உயிருள்ள தோல் வேறு. முள்ளைத் தள்ளத் தள்ள மேலே தோல் கூடாரம் மாதிரி எழும்பியதே தவிர நுனி வெளியே வரவில்லை. என் விரலும் மரத்திருந்தது, எவ்வளவு அழுத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே, ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் மஞ்சளாக வெளிச்சம் விழுந்தபோது நுனி வெளியே வந்தது. பிளேயரால் நறுக்கினேன், முள் கழன்றது, அதற்குப் பிறகுதான் ரத்தமே வந்தது. வெயில் ஏற ஏற அவள் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்காக நின்றோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டிவிட்டார்கள்.

எப்படி ஆச்சு என்று அவள் அம்மா கேட்டபோது, "இவ சொல்லிட்டுத்தாம்மா போட்டா, நாந்தான் கவனிக்கல," என்றாள் ஸ்டெல்லா. நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் சொல்லவில்லை. மப்ளருக்குள் முணுமுணுத்தேன் என்று கொஞ்ச காலம் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். இல்லை, சொல்லவே இல்லை. மறந்தேனா, சொல்லப் பிடிக்காமல் இருந்தேனா என்பதுதான் எனக்கு இன்றுவரைக்கும் தெரியாதது.

திங்கட்கிழமை பாய் அவள் விரலில் இருந்த கட்டைப் பார்த்தார். ஸ்டெல்லா அதையேதான் அவரிடமும் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, "ஆர்டர் ஜாஸ்தி நெருக்குது. இருந்தாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒரு வாரம் தள்ளி வெக்கிறேன். நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். தை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, சரி, உக்காருங்க என்றார். ஸ்டெல்லா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் தோலை நடத்தப் பார்த்தாள். வளைவில் தையல் கோணிக்கொண்டு போனது. கட்டுத் துணியில் ரத்தம் கசிந்து வெள்ளை லைனிங்கில் ஒரு பொட்டு விழுந்தது. என் தையல் நேராகப் போனது. அன்று மதியமே நான் மெஷினில் உட்கார்ந்தேன், அவள் மறுபடி சொல்யூஷன் பிரஷ்ஷை எடுத்தாள், இடது கையால்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். விடியற்காலையில் வாசலில் வந்து நின்றாள். அவளே மாவு கொண்டுவந்திருந்தாள். மதகுப் படியில் எப்போதும் உட்கார்கிற அதே மேல்படியில், எனக்குச் சரியாகப் பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி உக்காருடி என்றேன், இங்கயே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "போட்றேன்" என்றேன். கழியைத் தூக்கினேன், வீச முடியவில்லை, மறுபடி திரும்பிப் பார்த்தேன். "போட்றேன்டி" என்று கரையெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன். மதகுக்கு மேலே இருந்த கொக்கு ஒன்று பறந்து போனது.

"இப்டி கத்தியிருந்தா அன்னைக்கும் எனக்கு கேட்டிருக்கும்," என்றாள் ஸ்டெல்லா.

குரலில் கோபம் இல்லை. மாவைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வீசினேன். தக்கை விழுந்து நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தபடியே நின்றேன், திரும்பவில்லை. உண்மை வாய் வரைக்கும் வந்தது. தொண்டையைக்கூடச் செருமினேன். அவள் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னால் மாவு உருட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உருட்டத் தொடங்கினாள். வெயில் வருகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, கிடைத்த இரண்டு மீனையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சித்திரையில் அவள் வேலையை விட்டுவிட்டாள். சோளிங்கர் பக்கம் கல்யாணமாகிப் போனதாகக் கேள்வி. அவள் அம்மாவும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நான் அந்த மெஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்தேன். மதகை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், படிக்கட்டு இல்லை, முள்மரங்களையும் எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் பக்கவாட்டில் தாராளமாக வீசலாம். சொல்லிவிட்டு வீசவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எனக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில், "நான் சொல்லலடி" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமலே வீட்டுக்கு வந்து மீனைக் கழுவினேன்.