எதிர்வீட்டு நாய் கடித்தபோது

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நான் மட்டும். எதிர்வீட்டில் ஓர் இளம் தம்பதி. இருவருக்கும் வேலை; காலையில் பறப்பார்கள், இருட்டிய பிறகு திரும்புவார்கள். லிஃப்டில் பார்த்தால் ‘வரேங்க’, ‘சரிங்க’. எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

என் கணவர் போன பிறகு இந்த வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்த ஒரே ஜீவன் எதிர்வீட்டாரின் வெள்ளைப் பொமரேனியன் நாய். அவர்கள் கிளம்புகிற அமளியில் நழுவி என் சமையலறைக்கு வந்துவிடும். இட்லி கேட்கும். சட்னி சரியில்லை என்று முகம் சுளிக்காது. அந்த வகையில் என் மகனைவிடத் தேவலை. பேப்பரில் வந்த செய்தி, முழங்கால் வலி, மகன் போன் பண்ணாதது எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். பாதியில் எழுந்து போனாலும் மறுநாள் வந்துவிடும்.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கோழி எலும்பைக் கவ்விக்கொண்டு வந்தது. தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே என்று வாயில் கைவிட்டுப் பிடுங்கினேன். கட்டைவிரலுக்குக் கீழே நறுக்கென்று கடித்துவிட்டது. கடித்த பிறகு அதுதான் அதிகம் பயந்தது. மேஜைக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ரத்தத்தைக் கண்டதும் படித்ததெல்லாம் காற்றில் போக, எங்கள் வீட்டில் எந்தக் காயத்துக்கும் செய்வதுபோல் காபிப்பொடியை அள்ளி அப்பினேன். வீட்டு நாய்தானே என்று மத்தியானம் வரை சும்மாவும் இருந்தேன். பிறகு பயம் பிடித்துக்கொள்ள, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். கையைப் பார்த்துவிட்டு, “என்னங்கம்மா இது, டிகாஷன் போடப் போறீங்களா?” என்றார். குழாயடியில் நிற்கவைத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவச் சொன்னார். வீட்டு நாயானாலும் கடித்தவுடனே செய்ய வேண்டியது அதுதானாம். ஊசி வரிசையில் என்னைப்போல வீட்டு நாயிடமும் பூனையிடமும் கடி வாங்கியவர்கள் பலர் இருந்தார்கள். எல்லோரும் ‘நல்ல நாய்தாங்க’ என்றே ஆரம்பித்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும், பத்து நாள் அதைக் கண்காணிக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். எதிர்வீட்டில் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் நாயை எங்காவது அனுப்பிவிடுவார்களே என்பதுதான் என் பயம். வெறிநாய்க்கடி பயம்கூட அதற்கு அடுத்தபடிதான். ஆனால் அவர்கள் முகத்தையும் அது தினமும் நக்குகிறது. மறைக்க மனம் வரவில்லை. அன்று இரவே போய்ச் சொல்லிவிட்டேன்.

குட்டியில் ஒருமுறை ஊசி போட்டதோடு சரியாம். வாசலைத் தாண்டாத நாய்க்கு வருஷா வருஷம் எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். எதிர்வீட்டுப் பெண் அழுதேவிட்டாள். பிறகு ஒரே உபசாரம்தான். ஊசிக்கெல்லாம் அவள் கணவர் காரில் அழைத்துப் போனார். அவள் ரசமும் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாயை உள்ளேயே கட்டிப்போட்டிருந்தார்கள். அது முனகுவது எனக்குக் கேட்கும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோ’ என்று இங்கிருந்தே சொல்வேன்.

கெடு முடிந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் காலையில் கூடுதலாக நாலு இட்லி ஊற்றிவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. குரைக்கும் சத்தமும் இல்லை.

சாயங்காலம் அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். நாய்க்குத் தடுப்பூசியும் போட்டு, உப்பிலியபுரத்தில் அவருடைய மாமா தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார்களாம்.

“உங்களுக்காகத்தாம்மா” என்றார்.

தோட்டம் ஊருக்குள்ளேயா, வெளியிலா, இங்கிருந்து பஸ் போகுமா என்று கேட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்கம்மா. அத திரும்ப இங்க கொண்டுவரவே மாட்டோம்.”

நல்ல பிள்ளை. மனதாரத்தான் சொன்னார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. கை வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.