மஞ்சள் வைத்த சட்டைகளோடு தூத்துக்குடிக்கு

எழுபதுகளின் தொடக்கம். சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், விடியற்காலை நாலரை மணிக்கு மதுரை தெற்குவாசலிலிருந்து லாரி கிளம்பியது. பின்னால் பன்னிரண்டு பெட்டி வெள்ளைச் சட்டைகள். முன்னால் டிரைவர் மாயாண்டியும், மடியில் தூக்குச்சட்டியும் வாய்க்குள் ஜெபமுமாக நானும்.

என் பெயர் கிரேஸ், ஊர் நாசரேத்து. மதுரையில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் நாற்பது பெண்களுக்கு மேற்பார்வை பார்த்தேன். வெளிநாட்டுக்கு எங்கள் முதல் சரக்கு இது. இது கப்பல் ஏறிவிட்டால் எல்லோரையும் நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை அங்கே நடந்த கூத்தே வேறு. ஒருத்தி சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றால் பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிதாகச் சேர்ந்தவள்போல் மறுபடி பெயர் எழுதுவார்கள். பிரசவத்துக்கு லீவு கேட்டால், "நீ சேர்ந்தே மூணு மாசம்தானே ஆகுது" என்பார்கள். பட்டன் தைக்கும் புஷ்பம் இப்படி ஆறு தடவை புதிதாகச் சேர்ந்தவள்.

அருப்புக்கோட்டையில் விடிந்தது. எட்டயபுரத்தில் டீ குடித்தோம், இருபது பைசா. நான் பாதியை வைத்துவிட்டேன்.

"ஏங்க்கா, நிமிசத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? பெட்டி எறங்கி ஓடிருமா?" என்றார் மாயாண்டி.

"ஓடினாலும் ஓடும். நம்ம நேரம் அப்படி" என்றேன்.

கரிசல் காடு முடிந்து உப்பளம் தொடங்கியபோது மணி எட்டு. மதுரையிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெயில் உப்புக் குவியலில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

புதுத் துறைமுகத்தை அப்போது இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் தொலைவில், ஆழமான இடத்தில் நிற்கும். பீச் ரோட்டுக்கு எதிரே கரையில் சரக்கை இறக்கி, தோணியில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற வேண்டும். எங்கள் தோணி நாலு மணிக்குப் புறப்படும். அதற்குமுன் மூன்று மணிக்கு, வாங்குகிறவர்களின் ஆள் வந்து பார்த்துச் சீல் வைப்பார்.

சரக்கு அனுப்பும் ஆபீஸின் குமாஸ்தா செல்வராஜ், "எதுக்கும் ஒண்ணைத் தொறந்து பாத்துருவோம்க்கா" என்று ஒரு பெட்டியைப் பிரித்தார். மேல் சட்டையை விரித்தார். கீழ் ஓரத்தில், உள்பக்கம், விரல்நுனி அளவுக்கு மஞ்சள். அடுத்ததிலும் மஞ்சள். அடிவரைக்கும் மஞ்சள். மற்றப் பெட்டிகளிலும் அப்படியே.

யார் வைத்தது என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. புதுத்துணி என்றால் மஞ்சள் வைக்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் எங்கள் பெண்கள். முதல் சரக்கு, எங்கேயோ யாரோ பெற்ற பிள்ளை உடுத்தப்போகிற புதுச்சட்டை. நல்லதாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். மடிக்கிற மேஜைமேல் இருந்த மஞ்சள் கிண்ணத்தை நானும்தான் பார்த்தேன். நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண்; ஏதோ பூஜைக்கு என்று நினைத்து அந்தப் பக்கமே போகவில்லை. ஆரம்பித்து வைத்தது புஷ்பமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் புதுச்சொக்காய் எடுத்தாலும் முதலில் மஞ்சளோடு ஓடுகிறவள் அவள்.

"இது என்ன பெரிய காரியம்?" என்று செல்வராஜ் ஒரு சட்டையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்பைப் போட்டுவிட்டார். நான் "ஐயோ, சோப்பு வேண்டாம்!" என்று கத்துவதற்குள் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. மனிதர் கையை உதறிக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு" என்று நேரே ஆபீஸுக்குள் ஓடி மதுரைக்கு டிரங்க்கால் போட்டார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. "ஒங்க மொதலாளி கொதிக்காரு. சீல் வச்சதும் பேசச் சொல்லுதாரு. பேசாம பிளீச்சிங் பவுடர்ல முக்கிருவமா?"

"முக்கினால் நூல் அற்றுப்போகும், கையும் வெந்துபோகும்" என்றேன். எங்கள் வெளுப்புத்தொட்டியில் வேலை செய்யும் பெண்களின் விரல்களைத் தினமும் பார்க்கிறேனே! மஞ்சளுக்கு வெயில்தான். சமைக்கிறவளுக்கு இது தெரியும். ஆனால் அறுநூறு சட்டையை எங்கே காயப்போடுவது? கரை முழுக்க மணலும் மீன் நாற்றமும்.

எங்கள் சரக்கை ஏற்ற வேண்டிய தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். பெயர் பர்னாந்து. அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நம்ம மாத்துப்பாய் சும்மாத்தான கெடக்கு, விரிச்சிக்கிடு தாயி" என்றார். தோணியில் மாற்றிக் கட்டுகிற பெரிய பாய்கள் இரண்டு. வெள்ளைத் துணி, வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. அவர் மனைவி ரீத்தம்மாள் தெருப் பெண்களைக் கூப்பிட்டு வந்தாள். மஞ்சள் ஓரத்தை நல்ல தண்ணீரில் நனைத்து நனைத்து, வெயில் படும்படி விரித்தோம். காற்று தூக்காமல் இருக்கக் காலரில் சிப்பி ஓடுகளை வைத்தோம். முத்துக் குளிப்பு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கரையில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை.

பத்தரையிலிருந்து இரண்டரை வரை நான் உட்காரவே இல்லை. ஒரு மேகம் வந்தால் ஜெபம் சொன்னேன், ஒரு காக்கை வந்தால் ஓடி ஓடி விரட்டினேன்.

"ஏளா, நீ பாயைச் சுத்தியே செத்துருவ போலுக்கே. கொஞ்சம் இரி" என்றாள் ரீத்தம்மாள். "இம்புட்டுப் பாடு படுதியே, ஒனக்கு அங்கன வேலை நிரந்தரமா?"

"இல்லக்கா. ஏழு வருசமா இல்ல."

"நல்லாருக்கு போ!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணிக்கு மஞ்சள் எலுமிச்சைத் தோலாக வெளுத்தது. இரண்டரைக்கு, இருந்த இடமே தெரியவில்லை. சிவந்த சட்டைகூட அலசிக் காய்ந்ததும் வெள்ளையாகிவிட்டது. நெய்யும்போதே சுருக்கம் விட்ட துணி, இஸ்திரி வேண்டாம். மடித்து அடுக்கி முடிக்கவும் சீல் வைக்கிற ஆள் வரவும் சரியாக இருந்தது. நாலு பெட்டியைக் கிளறினார், தலையாட்டினார், சீல் வைத்தார், போய்விட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மூன்றரைக்கு மதுரை லைன் கிடைத்தது.

"சீல் வச்சாச்சா? நல்லது. மஞ்ச வச்சது யாரு?" என்றார் முதலாளி.

"எல்லாரும்தான்."

"ஆரம்பிச்சவ ஒருத்தி இருப்பால்ல? அந்தப் பேரைச் சொல்லு. அவளை நாளைக்கே நிறுத்தணும். மத்தவங்க நிரந்தரத்தை அடுத்த சரக்குக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். ஜன்னல் வழியே பெட்டிகள் தெரிந்தன. பக்கத்தில் தண்டல், 'ஏத்தட்டுமா?' என்று கையைக் காட்டினார். பொறுங்கள் என்று நானும் கையைக் காட்டினேன்.

"பெட்டியெல்லாம் இன்னும் கரையிலதான் இருக்கு முதலாளி. நான் சொன்னாத்தான் ஏத்துவாங்க. நாலு மணிக்குத் தோணி போயிரும். சொன்னபடி எல்லாரும் நிரந்தரம், யாரையும் நிறுத்த மாட்டேன்னு தையல் கூடத்துல நின்னு சொல்லுங்க. புஷ்பம் போன்ல வந்து எங்கிட்ட சொல்லட்டும்."

"உனக்கு வேலை வேணாமா?"

"எனக்கு என்னைக்கு முதலாளி நிரந்தரமா வேலை இருந்துச்சு?"

ஆபரேட்டர் குறுக்கே வந்து, மூன்று நிமிஷம் ஆயிற்று என்றாள். நீட்டுங்கள் என்றேன். அந்தப் பக்கம் ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம். தூரத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியின் குரல் கேட்டது; வார்த்தை புரியவில்லை. பிறகு புஷ்பம் மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, சொல்லிட்டாரு! நாப்பது பேரும் நிரந்தரம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ஆனா அக்கா, உங்க பேரைச் சொல்லல. அதையும் சேத்துச் சொன்னாத்தான் மிஷினை மிதிப்போம்னு எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோம். நீங்களும் அங்க பெட்டிய ஏத்தாதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலுக்குப் பத்து நிமிஷம். செல்வராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வெளியே பாய்மரத்தில் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுபடி முதலாளியின் குரல் வந்தது, கொஞ்சம் இறங்கி.

"ஏம்மா கிரேஸ்... உன் பேரையும் நிரந்தர ரிஜிஸ்தர்ல எழுதணும். உங்க அப்பா பேரு என்ன?"

ஏழு வருஷத்தில் அந்தக் கம்பெனி என்னிடம் அதைக் கேட்டது அன்றுதான். சொன்னேன், இன்ஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு வெளியே ஓடிப்போய்ப் பெட்டிகளை ஏற்றச் சொன்னேன்.